‘நேற்று’ என்ற தலைப்பின் கீழ்

அலுவலகத்தில் அவளைத் ‘தலைப்பு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட நாலு வயது மூத்த மேலாளரே அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொய்ப் பெயர் இல்லையே.

பதினோரு வருடமாக அவள் செய்வது ஒரே வேலை: கைபேசி ஆப்பில் பட்டியல் வருகிற திரைகளுக்கு நிரல் எழுதுவது. கைபேசியில் விரலால் தள்ளத் தள்ள மேலே போய்க்கொண்டே இருக்குமே, அந்தப் பட்டியல்தான். அதை அப்படியே நீளமாக விட்டுவிட்டால் பார்க்கிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் மேலே ஒரு தலைப்பு வைக்க வேண்டும். ‘இன்று’, ‘நேற்று’, ‘இந்த வாரம்’, ‘போன வாரம்’. இதற்கா ஒரு ஆள், இதற்கா ஒரு சம்பளம் என்று கேட்கத் தோன்றும். ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பட்டியல் மேலே நகர்ந்தாலும் தலைப்பு மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த தலைப்பு வந்து முட்டினால் மரியாதையாக விலகிப் போக வேண்டும். ஒரு கூறில் ஒன்றுமே இல்லை என்றால் அதன் தலைப்பு தலையே காட்டக் கூடாது. “ஆள் இல்லாத வீட்டுக்குப் பெயர்ப்பலகை எதுக்கு?” என்பாள், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம்.

அப்படிச் சொல்கிறவள் வீட்டு மாடியில், இரண்டு வருடமாக ஆள் இல்லாத ஓர் அறை இருந்தது. அதன் கதவில் ஒன்பது வயதுப் பிள்ளை கலர் பென்சிலால் எழுதி ஒட்டிய காகிதம் இன்னும் இருந்தது: ‘வாண்டு ரூம். தட்டிட்டு வரணும்.’

வாண்டு அவள் மகள். இப்போது பதினாலு வயது. அப்பாவோடு வேறு நாட்டில் இருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. “நான் அப்பாகூடப் போறேன், லீவுக்கு லீவு உன்கிட்ட வந்துடுறேன்” என்று பிள்ளையே சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை வாயால் அதைக் கேட்ட தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் சொன்னபடியே வந்தாள். பிறகு வரவில்லை. வராமல் இரண்டு வருடம் ஆகிறது.

வராமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டு வயதில் அந்தப் பெண் போனில் அழுதாள். “எப்ப வர்ற, எப்ப வர்றன்னு நீ கேட்டுக்கிட்டே இருக்கேம்மா. எனக்கு மூச்சு முட்டுது. வரலைன்னா நீ அழுவ, வந்தா அப்பா தனியா இருப்பாரு. நீ கேக்காத. வரணும்னா நானே சொல்றேன்.”

“சரிம்மா. இனிமே நான் கேக்கவே மாட்டேன். சத்தியம்” என்றாள் தாய்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அது அவளுடைய பிடிவாதமா, பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும்தான். வாரத்துக்கு ஒருமுறை பேசுவார்கள். பள்ளிக்கூடம், தோழிகள், பல்லில் மாட்டிய கம்பி, எல்லாம் பேசுவார்கள். லீவு என்ற சொல் பக்கத்தில் வந்தால் தாய் நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவாள்.

பேச்சுக்கு நடுவே வாரநாட்களில் குரல் மெசேஜ்கள் வரும். அவள் கம்பெனி செய்த ஆப்பே அதற்கானதுதான், தூரத்தில் இருக்கிற குடும்பங்கள் ஒருவருக்கொருவர் குரல் அனுப்பிக்கொள்வதற்கு. “நீ செஞ்சதுலதான் அனுப்புவேன்” என்று மகள் அதையே வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற வழியில் பேசி அனுப்புவாள். அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம். வேலை முடிந்து பையை மாட்டும்போது, பட்டியலில் ‘இன்று’ என்ற தலைப்பின் கீழ் மகளின் சின்ன முகம் வந்து உட்கார்ந்திருக்கும். படி இறங்கும்போது கேட்பாள். அதைக் கேட்பதற்காகவே லிப்டில் போகாமல் நாலு மாடி இறங்குவாள்.

அந்த ஆப்பில் மெசேஜ் வந்தால் மணி அடிக்கும். அவள் கைபேசியில் மட்டும் அடிக்காது. சோதனைக்காக அனுப்பப்படும் மெசேஜ்கள் நாள் பூராவும் அவள் கைபேசிக்குத்தான் வரும். நிமிஷத்துக்கு நாலு மணி அடித்தால் எந்த மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்காது? அந்த மணியின் வாயை அடைத்துவைத்திருந்தாள். சோதனை மெசேஜ்கள் சாயங்காலம் தானாகவே அழிந்துவிடும். கண்ணால் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் பழக்கம். ‘இன்று’ தலைப்பைப் பார்ப்பாள், மகள் முகம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிக்கப் போகும்போது மகள் சொன்னாள், “அம்மா, லீவு பத்தி அப்பாகிட்டப் பேசப் போறேன். பேசிட்டு மெசேஜ் போடுறேன்.”

“சரிம்மா” என்றாள் தாய். அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்று, எதற்குப் போனோம் என்று தெரியாமல் குழாயைத் திறந்து, கை கழுவி, மூடிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறையில் கிடந்த கைபேசி அட்டைப்பெட்டிகளையும் பழைய கணினிகளையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். கட்டில் வெளியே தெரிந்தது. ஒன்பது வயதுக்கு வாங்கிய கட்டில். திங்கட்கிழமை காலை தச்சரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்து, டேப்பை இழுத்து அளந்தார்.

“நீட்டித் தரலாம்மா. கால் பக்கம் புதுச் சட்டம் போட்டுடலாம். பொண்ணு என்ன உயரம்?”

அவள் மகளை வாரா வாரம் வீடியோவில் பார்க்கிறாள்தான். பார்ப்பது முகத்தை. கழுத்துக்குக் கீழே பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று திரையில் எங்கே தெரிகிறது?

“இங்க இருக்கும்” என்று தன் காதுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள்.

“இருக்கும்னா?” என்றார் தச்சர். “நான் மரத்தை அறுக்கணும்மா. அறுத்துட்டா ஒட்ட முடியாது. பொண்ணைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.”

கேட்கக் கூடாது என்பதுதானே பிரச்சினை. உயரம் எதற்கு என்று மகள் கேட்டால் கட்டிலைச் சொல்ல வேண்டிவரும். கட்டிலைச் சொன்னால், வா என்று கேட்டதாக ஆகிவிடும். “அப்புறம் சொல்றேன்” என்று அவரை அனுப்பிவைத்தாள்.

திங்கள் சாயங்காலம் மெசேஜ் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை, மகளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது, நான் ஒன்றும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, அவளாகவே ஒரு மெசேஜ் அனுப்பினாள். வீட்டுத் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போன கதை. மெக்கானிக் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் வேறு வேறு காரணம் சொன்னார், கடைசியில் பார்த்தால் சுவிட்சை யாருமே போடவில்லை. சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாள். லீவைப் பற்றி மூச்சு விடவில்லை.

வியாழன் வந்தது, வெள்ளி வந்தது. அவள் வேலையில் கண் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ‘இன்று’ தலைப்பையே பார்த்தாள். சோதனை மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. மகள் முகம் வரவில்லை. சனிக்கிழமை பேச வேண்டிய நேரத்தில் ‘தோழி வீட்டுக்குப் போறா, அடுத்த வாரம் பேசுவா’ என்று அப்பாவிடமிருந்து ஒற்றை வரி வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வரப் பிடிக்கவில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் மனசில்லை, பாவம் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டிகளைத் திரும்ப மேலே ஏற்றலாமா என்று மாடிப்படி வரை தூக்கிக்கொண்டு போனாள். ஏற்ற முடியவில்லை. படியிலேயே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை புகார் மேசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். ஊரார் புகாரை எல்லாம் படித்துப் படித்து முகமே புகார் போல ஆகிவிட்டவர். அலுவலகத்தில் அவருக்குப் ‘புகார்ப் பெட்டி’ என்று பெயர்.

“தலைப்பு அக்கா, உன் ஏரியாதான். ஒரு பொம்பளை எழுதியிருக்கு. அவங்க வீட்டுக்காரர் விடிகாலை நாலு மணிக்கு ஷிப்டுக்குப் போகும்போது மெசேஜ் போடுவாராம். அது ‘இன்று’ல வராம ‘நேற்று’க்குள்ள போய் விழுதாம். அவங்க கவனிக்கறதே இல்லையாம். இன்னிக்குத்தான் பார்த்தாங்களாம், மூணு வாரத்து மெசேஜ் உள்ள கிடக்குதாம்.”

மூணு வாரம் என்ற சொல்லிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் ஒரு மாற்றம் செய்தாள். அதுவரை எந்த மெசேஜ் எந்த நாள் என்று அவரவர் கைபேசியே கணக்குப் பார்த்துத் தலைப்புக்குக் கீழே போடும். அதனால் பட்டியலைத் தள்ளும்போது திக்கித் திக்கி ஓடியது. பிரிக்கிற வேலையைக் கம்பெனியின் மையக் கணினியான சர்வரிடம் கொடுத்தாள். பட்டியல் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடியது, மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஆனால் சர்வரின் கடிகாரம் வேறு நாட்டு நேரத்தில் ஓடுவது. இந்த ஊரில் விடிகிற நேரத்திலும் அதற்கு முந்தைய நாளே முடிந்திருக்காது. விடிவதற்கு முன் வந்ததையெல்லாம் அது நேற்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. அவள் சோதித்தாள்தான், நூறு தடவை சோதித்தாள், எல்லாம் அலுவலக நேரத்தில். விடிகாலை நாலு மணிக்கு யார் வந்து சோதிக்கிறார்கள்?

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘இன்று’ தவிர மற்றக் கூறுகளெல்லாம் மூடியே இருக்க வேண்டும், தொட்டால்தான் விரிய வேண்டும் என்று வைத்ததும் அவள்தான். திரை வடிவமைப்பவர் அப்போதே சொன்னார். எதையும் நூல் பிடித்தாற்போல நிறுத்துகிறவர் என்பதால் அவருக்கு ‘நூல்’ என்று பெயர். “மூடி வெக்கறதுன்னா கேக்காத மெசேஜ் எத்தனைன்னு தலைப்புலயே ஒரு எண் போடுங்க, இல்லேன்னா உள்ள எதாவது கிடந்தா தெரியாது” என்றார். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். “தலைப்புன்னா சுத்தமா இருக்கணும் நூல் சார். எண்ணு, புள்ளி, கொடி எல்லாம் தொங்கவிட்டா அது கடை விளம்பரப் பலகை.” அவள்தான் ஜெயித்தாள்.

புகார்ப் பெட்டி போன பிறகு அவள் தன் கைபேசியை எடுத்தாள். ‘போன வாரம்’ என்ற தலைப்பு சுத்தமாக, அழகாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. தொட்டாள். விரிந்தது. உள்ளே மகளின் முகம் இருந்தது, இன்னும் கேட்காத மெசேஜ். செவ்வாய்க்கிழமை விடிகாலை வந்தது, அங்கே அப்போது திங்கள் சாயங்காலம்.

படிக்கட்டுக்குப் போய் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“அம்மா, அப்பா சரின்னுட்டாரு. இப்பதான் சொன்னாரு, காலை வரைக்கும் பொறுக்க முடியல, அதான் இப்பவே அனுப்புறேன். ஆறு வாரம் முழுக்க உன்கூட. தனியாவே பிளேன்ல வருவேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள நீ சொல்லணுமாம், இல்லேன்னா அத்தை வீட்டோட கடல் பக்கம் போறதுக்கு என்னையும் சேர்த்து டிக்கெட் போட்டுடுவாராம். உனக்கு வேலை இருந்தா பரவால்லம்மா. சும்மா சொல்லிடு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். அப்புறம், நான் உன்னைவிட உயரமாயிட்டேன்னு நினைக்கறேன். பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் தெரியும்.”

மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை போடும்போது கேட்க முடியவில்லை. புதன்கிழமை தான் அனுப்பிய மோட்டார் கதை ஞாபகம் வந்தது. பிள்ளை வரட்டுமா என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறாள், அம்மாவிடமிருந்து பதில் வருகிறது, ஓடி வந்து காதில் வைக்கிறாள், அம்மா சுவிட்ச் போடாத மோட்டாரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறாள். கேட்டுவிட்டாயா இல்லையா என்று காட்டுகிற குறியும் அந்த ஆப்பில் கிடையாது. அது வீட்டுச் சண்டைக்கு வழி என்று மேலாளர் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றிருந்தார்.

உடனே கூப்பிடலாம் என்றால் அங்கே பிள்ளை தூங்குகிற நேரம். ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். தப்பைத் திருத்த அவளுக்கு இருபது நிமிஷம் போதுமானதாக இருந்தது. நாளைப் பிரிக்கும்போது கைபேசி இருக்கிற ஊரின் நேரத்தைப் பார் என்று ஒரு வரி. அவ்வளவுதான். பிறகு நூல் சாரின் மேசைக்குப் போய் நின்றாள்.

“தலைப்புல எண் போட்டுடலாம் சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டார். “வலது ஓரமா, சின்னதா போட்டா அசிங்கமா இருக்காது” என்றார்.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு அதே படிக்கட்டில் நின்று கூப்பிட்டாள். மகள் எடுத்தாள். நடக்கிற சத்தம் கேட்டது.

“நீ போட்ட மெசேஜை இன்னிக்குத்தான்டா கேட்டேன். என் தப்புதான். நான் எழுதுன ஒண்ணு தப்பாப் போச்சு, உன் மெசேஜ் ‘நேற்று’க்குள்ள போய் மூடிக்கிச்சு, எனக்குத் தெரியல.”

நடக்கிற சத்தம் நின்றது.

“நீ மோட்டார் பத்தி அனுப்பினியேம்மா” என்றாள் மகள். “அதுதான் உன் பதில்னு நினைச்சேன். வேணாம்னு சொல்ல மனசு வராம நீ வேற எதையோ பேசறேன்னு.”

“டிக்கெட்?”

“வெள்ளிக்கிழமையே போட்டாச்சு. அத்தையும் அங்க ரூம் எல்லாம் போட்டுட்டாங்க. மாத்த முடியாதாம், நான் நேத்து அப்பாகிட்டச் சும்மா கேட்டுப் பார்த்தேன்.”

சும்மா கேட்டுப் பார்த்தாளாம். அம்மா வேண்டாம் என்றுவிட்டதாக நினைத்த பிறகும் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

இரண்டு வருடமாகக் கட்டிவைத்திருந்த வாய் அங்கே அவிழ்ந்துவிட்டது. சத்தியமாவது ஒன்றாவது. “நீ வரணும்டா. எனக்கு நீ வரணும். தினமும் நினைக்கறேன். உன் ரூம்ல பெட்டியெல்லாம் எடுத்துட்டேன், தச்சரைக் கூப்பிட்டு கட்டிலைக்கூட நீட்டச் சொன்னேன். அவர் உன் உயரம் கேட்டாரு. எனக்குத் தெரியலடா. பெத்தவளுக்கு உன் உயரம் தெரியல.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“இதை ஏம்மா நீ இவ்ளோ நாள் சொல்லல?”

“கேக்காதன்னு நீதானே சொன்ன.”

“அப்ப எனக்குப் பன்னெண்டு வயசும்மா” என்றாள் பதினாலு வயதுக்காரி, ஏதோ முன் ஜென்மத்துக் கதை போல. “தினமும் கேக்காதன்னுதான் சொன்னேன். நீ மொத்தமா நிறுத்திட்ட. நான் வராம இருக்கறதே உனக்குப் பழகிடுச்சுன்னு நினைச்சேன்.”

பள்ளிக்கூட மணி அடித்தது. போக வேண்டும் என்றாள். போனாள். தாய் நாலு மாடியும் இறங்கி, வாசல் வரை வந்து, குடை மேசையிலேயே இருப்பது ஞாபகம் வந்து, திரும்ப நாலு மாடி ஏறினாள்.

அன்றைக்கே திருத்திய ஆப் எல்லோருடைய கைபேசிக்கும் போனது. மறுநாள் காலை அவள் பல் துலக்கிக்கொண்டே பட்டியலைத் திறந்தாள். ‘இன்று’ என்று இருந்தது. வலது ஓரத்தில் சின்னதாக, அசிங்கமில்லாமல், ‘1’ என்று இருந்தது. விடிகாலை மூன்றரை மணிக்கு வந்த மெசேஜ்.

“நூத்தி அறுபத்தாறு சென்டிமீட்டர். சுவத்துல கோடு போட்டு அத்தை அளந்தாங்க. அடுத்த லீவுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, அதுக்குள்ள இன்னும் வளருவேன், அதையும் சேர்த்துச் சொல்லு. அம்மா, மாசம் ஒரு தடவை கேளு. சரியா? மறந்துடாத.”

பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பதில் பேசினாள். “அடுத்த லீவுக்கு வர்றியா?” அனுப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, தச்சரைக் கூப்பிட்டாள்.

“இந்தத் தடவை அளவு இருக்காம்மா?” என்றார் அவர்.

“இருக்கு” என்றாள். “ஒரு சாண் கூடவே போடுங்க.”